கனவு இருக்கட்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா?

டீச்சர் பதில்கள்

அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், மாணவியர் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.

அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். மாணவியர் நலனுக்கும் உயர்கல்வி வழிகாட்டலுக்கும் இந்த ஆண்டு என்னைப் பொறுப்பாசிரியையாகப் போட்டிருக்கிறார்கள். தனியாக நிதி எதுவும் கிடையாது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைத்து வந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா டீச்சர்?
— ஆசிரியை, கடலூர் மாவட்டம்

பேச்சாளர் எங்கும் ஓடிவிட மாட்டார். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம். நாளைக் காலை முதல் இடைவேளைக்கு மணி அடித்ததும் நீங்கள் கழிப்பறைப் பக்கம் போய் நில்லுங்கள். எத்தனை கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு பெண் வெளியே நின்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பாள். உள்ளே இருக்கும் தோழி முடித்து வந்ததும் இவள் போக வேண்டும். அதற்குள் மணி அடித்துவிடும். அந்தப் பெண் அடுத்த நாளிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்வாள்: காலையில் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது. பிற்பகலில் தலைவலி, சிறுநீர்க் கடுப்பு, மாதத்தில் மூன்று நாள் விடுப்பு எல்லாம் அங்கிருந்து தொடங்குகின்றன.

பத்து நிமிட இடைவேளை என்பது அறுநூறு பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் கணக்கு டீச்சர், போட்டுப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு மணி, ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அடுத்த மணி என்று இடைவேளையைப் பிரித்துவிட்டாலே கூட்டம் பாதியாகிவிடும். இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. தலைமையாசிரியரின் கையெழுத்துப் போதும். தாழ்ப்பாள், வாளி, மூடியுள்ள குப்பைக்கூடை, துப்பட்டாவையும் கோட்டையும் மாட்ட ஓர் ஆணி: இவற்றைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் கேளுங்கள். தருவார்கள். நினைவுப் பரிசுக் கேடயத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவுதான்.

நாப்கின் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அரசிடமிருந்து பள்ளிக்கு வரும் நாப்கின் பல இடங்களில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். சாவி அலுவலக உதவியாளரிடம் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பெண் அவரிடம் போய்ச் சாவி கேட்பாளா? எங்கள் பள்ளியில் அதை எடுத்து நூலகத்தில் அகராதிகள் இருக்கும் அடுக்குக்குப் பின்னால் வைத்தோம். யாரும் கேட்க வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம். 'கணக்கு எப்படி எழுதுவது?' என்று ஒருவர் கேட்டார். காலியான பெட்டிகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இன்னொரு நன்மையும் வந்தது. அகராதிப் பக்கம் எட்டிப்பார்க்காதவர்கள்கூட அந்த அடுக்குக்கு வந்தார்கள்.

அடுத்தது வயிறு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை காலையில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டு வந்தவள் ஆறாம் வகுப்புக்கு உங்கள் பள்ளிக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கிறாள். மதியச் சத்துணவோ பத்தாம் வகுப்போடு முடிகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள்தான் சிறப்பு வகுப்பு என்று மாலை ஆறு மணி வரை உட்காருகிறவர்கள். அவர்களுக்குத்தான் தட்டு கிடையாது. காலையில் மயங்கி விழுகிற பெண்ணிடம் 'ராத்திரி தூங்கவில்லையா?' என்று கேட்பதற்கு முன், 'கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?' என்று கேளுங்கள்.

வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் இதோடு சேர்ந்ததுதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. மாத்திரை வராமல் இல்லை, வருகிறது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பாருங்கள், நீலமாகக் கிடக்கும். வெறும் வயிற்றில் விழுங்கச் சொன்னால் குமட்டும், யார்தான் விழுங்குவார்கள்? மதிய உணவுக்குப் பிறகு, வகுப்பாசிரியையும் கூட நின்று, தானும் ஒன்றை விழுங்கிக் காட்டினால் பிள்ளைகள் விழுங்குவார்கள். உடனே டீ குடிக்க வேண்டாம், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதையும் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கும் பெண் கடைசி பெஞ்சில் சுவரில் சாய்ந்துகொண்டிருப்பாள். அவளைச் சோம்பேறி என்று நாம் பேர் வைத்திருப்போம்.

இவ்வளவும் முடிந்த பிறகு பேச்சாளரைக் கூப்பிடுங்கள். அவருக்கும் விழித்திருக்கும் கூட்டம் கிடைக்கும்.

என் மகளைப் பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளியில் சேர்த்தால், பின்னாளில் கல்லூரியிலும் வேலையிலும் ஆண்களோடு பழகத் திணறுவாளே என்று மனைவி பயப்படுகிறாள்.
— தந்தை, நாமக்கல்

வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் அல்லவா? அவள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் முழுதாகக் கேளுங்கள். ஆண்கள் தன் பேச்சைக் கேட்பார்கள் என்ற பழக்கம் அவளுக்கு அங்கேயே வந்துவிடும். பெண்கள் பள்ளியில் ஒரு வசதி உண்டு. ஆய்வகத்தில் குடுவையைப் பிடிப்பவளும் அவள்தான், குறிப்பேட்டில் எழுதுபவளும் அவள்தான், விளையாட்டு விழாவில் பந்தல் கால் ஊன்றுபவளும் அவள்தான். 'பையன்களைக் கூப்பிடு' என்று சொல்ல அங்கே ஆளில்லை.

பிளஸ் டூ படிக்கிறேன், உயிரியல் பிரிவு. வயது 17. பொதுத்தேர்வு முடிந்ததும் என்னை மாமா மகனுக்குக் கல்யாணம் செய்துவைக்கப் பேசிவிட்டார்கள். எனக்கு நர்சிங் படிக்க ஆசை. அப்பாவிடம் பேசப் பயமாக இருக்கிறது. அம்மா, 'உன் நல்லதுக்குத்தான்' என்கிறார். நான் என்ன செய்வது டீச்சர்?
— பெயர், ஊர் வேண்டாம்

மகளே, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அது உன் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பதினெட்டு வயது முடியாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். செய்து வைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தேதி குறித்துவிட்டார்கள், பேச்சுக்கு இடமே இல்லை என்று ஆகிவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய். காசு செலவில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், உன் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். மாவட்டச் சமூகநல அலுவலருக்கு அந்தத் திருமணத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது.

ஆனால் அந்த எண்ணை அழுத்துவதற்கு முன்னால் உனக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதை வீணாக்காதே. அப்பாவுக்கு உன் படிப்பின் மீது கோபம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என்னிடம் வந்து உட்கார்ந்த தகப்பன்மார்களுக்கு இரண்டு பயங்கள்தாம் இருந்தன. ஒன்று பணம். மற்றொன்று, பஸ்ஸில் போய்வரும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது. முதல் பயத்துக்குப் பதிலைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போ. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உன் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரும். படிப்பு முடியும் வரை வரும். தமிழ்வழியில் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கும் 2024 முதல் உண்டு. அரசு மாணவியர் விடுதியில் தங்கினால் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் செலவில்லை. பி.எஸ்சி. நர்சிங்குக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் நர்சிங் டிப்ளமோவும் இருக்கிறது.

புதுமைப் பெண் திட்டத்தின் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அம்மாவிடம் சொல். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம். பெண்ணுக்குத் தாலிக்குத் தங்கமும் பணமும் கொடுத்தார்கள். அதே பெயரில் 2022-இல் அதை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த பணத்தை அரசாங்கமே படிப்புக்கு என்று மாற்றி எழுதிவிட்டது, உங்களுக்கு ஏன் தயக்கம் என்று கேள். சிரித்துக்கொண்டே கேள், அம்மாக்களிடம் அப்படிக் கேட்டால்தான் நடக்கும்.

இரண்டாவது பயத்துக்கு உன் வாயால் பதில் சொன்னால் எடுபடாது. உன் வகுப்பாசிரியையை வீட்டுக்கு வரச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போகிற மாதிரி வரட்டும். டீச்சர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார் என்பதே அப்பாவுக்குப் பெரிய மரியாதை. உங்கள் ஊரிலிருந்து நர்சாகப் போனவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டி வரலாம். மாமாவிடமும் பேச வேண்டிவரும். சில வீடுகளில் மாமன்தான் அப்பாவைவிடச் சீக்கிரம் இறங்கி வருவார்.

பொதுத்தேர்வுக்கு முன்பே சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துக்கொள். குடும்பத்தில் நீதான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றும். கலந்தாய்வு நேரத்தில் வருமானச் சான்றுக்காகத் தாலுகா அலுவலக வாசலில் அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பார்.

இரட்டைச் சடை கட்டாயமா டீச்சர்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேனி

காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு மகளின் இரட்டைச் சடையைப் பின்னிவிட ஏது நேரம்? தானே பின்னிக்கொண்டு ரிப்பன் ஒரு பக்கம் இறங்கி வரும் பெண்ணை வழிபாட்டுக் கூட்டத்தில் வெளியே நிறுத்துவது எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. முடி முகத்தில் விழாமல் இருந்தால் போதும் என்பது என் கட்சி. ஆனால் இதை உங்கள் தலைமையாசிரியையிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே. வகுப்புத் தலைவிகள் சேர்ந்து மனுவாக எழுதிக் கொடுங்கள்.

மகள் பத்தாம் வகுப்பு. இரண்டு மாதமாக யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. போன வாரம், 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதிதானே' என்றாள். இந்த வயதில் எல்லோரும் இப்படித்தான் என்கிறார் கணவர்.
— தாய், வேலூர்

இல்லை அம்மா. எல்லோரும் இப்படி இல்லை. அவள் சொன்னது பெரிய வார்த்தை, இன்றைக்கே கவனிக்க வேண்டியது.

இன்று இரவு அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்த பிறகு கேளுங்கள். சுற்றி வளைக்காமல், 'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா கண்ணு?' என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகும் என்று பல அம்மாக்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அந்தப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆமாம் என்றால் அழாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், 'உனக்கு என்ன குறை வைத்தோம்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'சொன்னது நல்லது' என்று மட்டும் சொல்லுங்கள். அவளைத் தனியே விடாதீர்கள்.

14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு நீங்களே முதலில் போன் செய்யலாம். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். மறுநாளே மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அக்கம்பக்கம் கேட்டால் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுப் போங்கள், அந்தப் பொய்யை என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். வகுப்பாசிரியையிடமும் காதில் போட்டு வையுங்கள். பள்ளியிலோ பஸ்ஸிலோ டியூஷனிலோ யாராவது அவளிடம் தவறாக நடந்துகொண்டதாகத் தெரியவந்தால், அதைப் பேசி முடிக்கப் பார்க்கிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம். பள்ளிக்கும் அதே பொறுப்பு. மதிப்பெண் பற்றி இந்த மாதம் ஒரு வார்த்தை வேண்டாம். உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

எங்கள் பெண்கள் பள்ளியின் முன்னாள் மாணவிகள் சேர்ந்து பொன்விழாவுக்குப் பணம் திரட்டியிருக்கிறோம். வாசலில் ஓர் அலங்கார வளைவு கட்டலாம் என்று பலர் சொல்கிறார்கள். உங்கள் யோசனை?
— முன்னாள் மாணவிகள் சார்பில், தஞ்சாவூர் மாவட்டம்

வளைவு கட்டினால் அதன் மேல் உங்கள் எல்லோரின் பெயரும் இருக்கும். கீழே நடந்து போகும் பிள்ளை நிமிர்ந்து படிக்க மாட்டாள். வளைவை விடுங்கள்.

பிளஸ் டூ முடித்த பெண் கல்லூரிக்குப் போகாமல் நிற்பது பெரும்பாலும் பெரிய தொகைக்காக இல்லை. விண்ணப்பக் கட்டணம், கலந்தாய்வுக்குத் துணைக்கு ஒருவரோடு போய்வரும் செலவு, முதல் மாதத்துக்கு நான்கு சுடிதார், விடுதிக்கு ஒரு பக்கெட்டும் பெட்ஷீட்டும். இந்தச் சில ஆயிரங்களுக்கு வட்டிக்கு வாங்க வேண்டுமே என்று வீட்டில் யோசிக்கும்போதுதான் 'வேண்டாம், அவள் வீட்டிலேயே இருக்கட்டும்' என்று வருகிறது. புதுமைப் பெண் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். சேர்வதற்கு முன்னால் உள்ள அந்த இரண்டு மாதத்துக்கு ஆளில்லை. அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். ஜூன் மாதம் கொடுங்கள், மேடை போட்டுக் கொடுக்காதீர்கள்.

பணத்தைவிட நீங்கள் நேரில் வருவது மேல். கலெக்டரான ஒருவரை மட்டும் தேடிப் பிடித்து மாலை போடுவதில் எனக்கு உற்சாகமில்லை. பிள்ளைகளுக்கு, 'நானும் இதே பெஞ்சில் உட்கார்ந்தவள்' என்று சொல்லக்கூடிய லேப் டெக்னீஷியன் வேண்டும், நில அளவையர் வேண்டும், கூட்டுறவு வங்கிக் காசாளர் வேண்டும். என்ன சம்பளம், எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள், மேலதிகாரி திட்டினால் என்ன செய்வீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். கேட்க விடுங்கள்.

பெரிய உதாரணம்தான் வேண்டுமென்றால் அரசுப் பள்ளிகளிலிருந்தே எடுங்கள். சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் படித்தவர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தில் போய் நின்றது. அவர் இஸ்ரோவில் சேர்ந்ததற்கும் அந்த நாளுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தவறாதீர்கள். நாம் வழக்கமாக முதலையும் முடிவையும் மட்டும் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று ஆசாதிசாட். இந்தியா முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பாகங்கள் செய்து கொடுத்த சிறு செயற்கைக்கோள் அது; எட்டு கிலோ எடை. திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று ஏவினார்கள், சரியான சுற்றுப்பாதையில் சேராமல் வீணாய்ப் போயிற்று. இரண்டாவதைச் செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அது போய்ச் சேர்ந்தது. காலாண்டுத் தேர்வில் தவறிய பெண்ணுக்கு இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிளஸ் டூவில் கணிதம் மட்டும் போய்விட்டது. வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தையல் கற்றுக்கொள் என்கிறார்கள்.
— மாணவி, சிவகங்கை

தையல் நல்ல தொழில், ஆனால் தண்டனையாகக் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் அல்ல. முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு. போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும். விண்ணப்பிக்கும் நாட்கள் மிகக் குறைவு, நாளைக்கே பள்ளிக்குப் போய்க் கேள். அதற்குள் கணக்கில் முழுப் புத்தகத்தையும் விழுங்கப் பார்க்காதே. உன் பழைய டீச்சரிடம் போய், 'பாஸாக எந்தப் பாடங்கள் போதும், சொல்லுங்கள்' என்று கேட்டு அவற்றை மட்டும் போடு.

ஒருவேளை கல்லூரிச் சேர்க்கைக்குத் தாமதமாகிவிட்டால், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ-க்கும் விண்ணப்பிக்கலாம். அவற்றுக்கும் புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் உண்டு. எலக்ட்ரீஷியன் பிரிவில் பெண்களைச் சேர்ப்பார்களா என்று தயங்காதே, சேர்ப்பார்கள். அரசு ஐ.டி.ஐ. உன் மாவட்டத்திலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்விடு. அப்பா வரமாட்டேன் என்றால் சித்தியைக் கூட்டிப் போ.